இரண்டாவது கையெழுத்து

தாதியர் பணி என்றவுடன் நம்மவர் நாவில் முதலில் வருவது 'தொண்டு' என்னும் சொல்லாகும். வெண்ணிற உடை, இன்முகம், இரவெல்லாம் கண்விழித்தல், பிறர் நோயைத் தம் நோயாகக் கருதுதல் என்று அச்சொல்லைச் சுற்றி ஒரு சித்திரத்தை வரைந்து வைத்திருக்கிறோம். 1854ஆம் ஆண்டு கிரிமியப் போர்க்காலத்தில் விளக்கேந்திச் சென்ற நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளும் அச்சித்திரத்தை ஒட்டியே அமைகின்றன. விளக்கைப் பிடித்த அதே கையால் படைத்துறை மருத்துவமனைகளின் இறப்புக் கணக்கையும் எழுதி, அரசாங்கத்தாரின் முகத்துக்கு நேரே நீட்டியவர் அவர் என்பது அக்கட்டுரைகளில் அவ்வளவாக இடம்பெறுவதில்லை. தொண்டு என்று போற்றப்படும் வேலைக்கு ஒரு சங்கடம் உண்டு. அதைச் செய்கின்றவர் தம் வேலைநேரத்தைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ வாய் திறந்தால், போற்றிய அதே நா மறுகணமே ஏசத் தொடங்கிவிடும். ஆசிரியர்களுக்கு இது புதிய செய்தியன்று.

பேராக் மாநிலத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆறாண்டு படித்து, பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் அறிவியல் பிரிவில் தேறி, தனியார் மருத்துவமனை ஒன்றின் பண உதவியோடு மூன்றாண்டுத் தாதியர் பட்டயப் படிப்பை முடித்தவர் ஓர் இளம்பெண். அவருடைய பெயரும் அம்மருத்துவமனையின் பெயரும் இங்கு வேண்டியதில்லை. படிப்புச் செலவை மருத்துவமனை ஏற்றுக்கொண்டதற்கு ஈடாக ஐந்தாண்டுகள் அவர் அங்கேயே பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். இடையில் விலகினால், மிஞ்சிய காலத்துக்கேற்பப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதற்குப் பிணை நின்றவர் அவருடைய தந்தையார். பால்மரம் வெட்டியே முதுகு கூனிப்போன அந்தப் பெரியவர், ஆங்கிலத்தில் அச்சிட்ட பத்துப் பக்கத் தாளின் அடியில், தமிழ்ப்பள்ளியில் கற்ற குண்டு குண்டான எழுத்தில் தம் பெயரை எழுதிக் கொடுத்தார். மகள் 'மிஸ்ஸி' ஆகப் போகிறாள் என்னும் பூரிப்பில் அன்று அவர் லயத்தார் அனைவருக்கும் பலகாரம் வாங்கி வழங்கினாராம்.

மகளும் நல்ல தாதியாகவே விளங்கினார். ஒப்பந்தத்தின் மூன்றாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. அந்த 2023ஆம் ஆண்டில் ஓர் இரவு அவருடைய வாழ்க்கையைப் புரட்டிப்போட்டது.

அன்று அவருக்கு மாலை வேலை. பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி இரவு 9 மணிக்கு முடிய வேண்டியது. இரவு வேலைக்கு வரவேண்டிய தாதியருள் ஒருவர் உடல்நலமின்றி விடுப்பு எடுத்துவிட்டதால், இவரையே தொடர்ந்து இருக்கச் சொன்னார்கள். 28 படுக்கைகள் உள்ள அவ்வார்டில் இரவில் மூன்று தாதியர் இருப்பது வழக்கம். அன்று இருவரே இருந்தனர். விடியற்காலை 4 மணியளவில் அந்த இருவரில் ஒருவரையும் வேறொரு வார்டின் அவசரத்துக்கு அழைத்துக்கொண்டார்கள். எஞ்சியவர் இவர் ஒருவரும் ஓர் உதவியாளரும். இரவு மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் இருமுறை அழைத்து, ஆள் வேண்டும் என்று கேட்டார். இருமுறையும் கிடைத்த விடை ஒரே சொல்தான்: "சமாளித்துக்கொள்."

மருந்து கொடுப்பதில் தாதியர் ஐந்து 'சரி'களைப் பார்க்க வேண்டும் என்பது பயிற்சிக் கல்லூரியின் முதற்பாடங்களுள் ஒன்று. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இன்சுலின் போன்ற மருந்துகளுக்கு இவை மட்டும் போதா. கொஞ்சம் கூடினாலும் ஆள் மாறினாலும் இரத்தத்திலுள்ள சர்க்கரை சரசரவென இறங்கி, நோயாளி நினைவிழக்கவும் உயிரிழக்கவும் நேரலாம். ஆதலால் இரு தாதியர் சேர்ந்து சரிபார்த்து இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று அம்மருத்துவமனையில் விதி இருந்தது. காலை உணவுக்கு முன்னர் 6.30 மணிக்கு ஊசி போட வேண்டும். இரண்டாவது கையெழுத்துக்கு ஆள் இல்லை. உணவு வண்டியோ வந்துகொண்டிருந்தது. வேலைக்கு வந்து பதினாறரை மணிநேரம் ஆகியிருந்தது. 12ஆம் படுக்கையிலும் 14ஆம் படுக்கையிலும் படுத்திருந்த முதியவர் இருவருக்கும் ஒரே பெயர். 12ஆம் படுக்கைக்கு உரிய ஊசி 14ஆம் படுக்கையில் ஏறிவிட்டது.

பத்து நிமிடம் கழித்து, அடுத்த படுக்கையின் குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் தவறு தெரிந்தது. அந்தக் கணத்தில் அப்பெண்ணின் கைகால்கள் நடுங்கின. ஆயினும் கற்ற கல்வி கைகொடுத்தது. முதியவரின் விரலைக் குத்திச் சர்க்கரையைப் பார்த்தார், மருத்துவரை அழைத்தார், குளுக்கோஸ் கொடுக்க ஏற்பாடு செய்தார், பக்கத்திலேயே நின்றார். சர்க்கரை 3.4 வரை இறங்கிப் பின்னர் ஏறியது. முதியவர் கொஞ்சம் வியர்த்தார், பசிக்கிறது என்றார், இரண்டு நாள் கழித்து நலமாக வீடு திரும்பினார். காலை 7 மணிக்கு வேலை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் நிகழ்வு அறிக்கையில் எழுதிக் கொடுத்தவரும் அவரே. எழுதாமல் இருந்திருக்கலாம். குளுக்கோஸ் தண்ணீரைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் எவரும் அறிந்திருக்க மாட்டார் என்று பின்னாளில் அவருடைய தோழியரே கூறினர்.

இரண்டு நாள் கழித்து மனிதவளப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. குளிரூட்டிய அறையில், குரலை உயர்த்தாமல், மிகவும் பண்பாகப் பேசினார்கள். தவறு பெரியது என்றார்கள். விசாரணை என்று போனால் வேலைநீக்கத்தில்தான் முடியும். தாதியர் வாரியத்துக்கும் தெரிவிக்க நேரலாம் என்றார்கள். 1950ஆம் ஆண்டின் தாதியர் சட்டப்படி வாரியத்தில் பதிந்து, ஆண்டுதோறும் பணிச் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டால்தான் இந்நாட்டில் ஒருவர் தாதியாக இருக்க முடியும். அச்சான்றிதழ் போனால் படித்த மூன்றாண்டும் போயிற்று. "நீங்களே விலகிக்கொண்டால் பதிவில் கறை இருக்காது. உங்கள் நன்மைக்காகவே சொல்கிறோம்" என்று தட்டச்சிட்ட விலகல் கடிதம் ஒன்றை முன்னால் வைத்தார்கள். அதில் பெயரும் அடையாள அட்டை எண்ணும் முன்னரே நிரப்பப்பட்டிருந்தன. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நாளைக் காலை வரை அவகாசம் கேட்டுக்கொண்டு அவர் எழுந்து வந்தார். தாமே விலகினால் ஒப்பந்தப் பணத்தைக் கட்ட வேண்டும் என்பதையும், அது தந்தையாரின் ஊழியர் சேமநிதியில் மிஞ்சியிருப்பதையெல்லாம் விழுங்கிவிடும் என்பதையும் அந்தப் பண்பான அறையில் எவரும் குறிப்பிடவில்லை.

அழுவதற்கு மருத்துவமனையில் தனியிடம் ஏது? வார்டில் நோயாளிகள்; உணவறையில் கூட்டம். கீழ்த்தளத்தில் வெளுத்த துணிகளை அடுக்கி வைக்கும் அறை ஒன்று உண்டு. அங்கே போய்ப் படுக்கை விரிப்புகளின் நடுவே நின்று அழுதார்.

அவ்வறைக்குப் பொறுப்பாளர் ஐம்பது வயதைக் கடந்த ஒரு தமிழர். மருத்துவமனையில் எல்லாருக்கும் அவர் 'துணி அண்ணன்'. ஒவ்வொரு வார்டுக்கும் விரிப்பும் தலையணையுறையும் எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கி, குறைந்தால் விடாமல் துரத்துகின்றவர். அறிவிப்புப் பலகையில் சங்கத்தின் தாள்களை ஒட்டுகின்றவரும் அவரே. அதை அத்தாதியும் பார்த்திருக்கிறார், படித்ததில்லை.

அழுகையின் காரணத்தை அவர் கேட்கவில்லை. மேலே நடந்தது கீழ்த்தளத்துக்கு முன்னரே வந்து சேர்ந்திருந்தது.

"கையெழுத்துப் போட்டுவிட்டாயா, தங்கச்சி?"

"இல்லை அண்ணே."

"அப்படியானால் இன்னும் ஒன்றும் போய்விடவில்லை. முதலில் உட்கார்."

பின்னர் ஒரு கேள்வி கேட்டார். "தப்பு உன்னுடையதுதானா?" "ஆமாம்" என்றார் அவர். "நல்லது. அதை எங்கேயும் மாற்றிச் சொல்லாதே. சங்கம் உண்மைக்குத்தான் துணைக்கு வரும், பொய்க்கு வராது. ஆனால் உன் தப்பு எவ்வளவு, மற்றவர்கள் தப்பு எவ்வளவு என்று அளந்து பார்க்கச் சங்கத்துக்கு உரிமை உண்டு."

இங்கு ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்நேரத்தில் அப்பெண்ணின் மனத்தில் நன்றியைவிடக் கூச்சமே மிகுந்திருந்தது. பட்டயம் பெற்ற தாதி தாம். தமக்காகப் பேசப் போகிறவர் அழுக்குத் துணி எண்ணுகிறவர். ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசமாட்டார். தாளும் சட்டமும் அறிந்த மேலதிகாரிகளின் முன் அவர் போய் நின்றால் தம் நிலை இன்னும் கேவலமாகாதா? மாதந்தோறும் சம்பளச் சீட்டில் சங்கச் சந்தா என்று எட்டு வெள்ளி கழிவதைப் பார்த்து, 'இதனால் எனக்கு என்ன பயன்?' என்று முணுமுணுத்தவரும் அவரேயாவார். வேலையில் சேர்ந்த அன்று நீட்டிய தாள்களோடு தாளாகச் சங்கப் படிவத்திலும் கையெழுத்திட்டிருந்தார், அவ்வளவே. சங்கம் என்பது தோட்டத்தோடு போகட்டும் என்று கருதும் படித்த பிள்ளைகளுள் அவரும் ஒருவர்.

அது தோட்டத்திலிருந்துதான் வந்தது என்பதும் உண்மையே. துணி அண்ணனின் தந்தையார் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் தம் தோட்டத்துக்குத் தலைவராக இருந்தவர். பி.பி. நாராயணன் போன்றோர் முன்னின்று 1954ஆம் ஆண்டில் உருவாக்கிய சங்கம் அது. அதற்கும் முன்னர், 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. காசு பெறாத கோரிக்கைதான். ஆனால் அதைக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று வகுப்பறையிலும் வார்டிலும் நிற்கிறார்கள். துணி அண்ணன் அந்த வரலாற்றையெல்லாம் அன்று எடுத்துரைக்கவில்லை. ஒரு வெற்றுத்தாளை நீட்டி, "அன்றைக்கு இரவு நடந்ததை மணிவாரியாக எழுது, இன்றைக்கே எழுது, நாளைக்கு மறந்துபோகும். எந்த மொழியில் ஓடுகிறதோ அந்த மொழியில் எழுது" என்றார்.

அவருக்குத் தமிழிலேதான் ஓடியது. மூன்று பக்கம் வந்தது.

மறுநாள் விலகல் கடிதத்தைக் கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுத்தார். எதிர்பார்த்தபடியே அடுத்த தாள் வந்தது: ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று மூன்று நாளில் விளக்கம் கேட்கும் கடிதம். அதனோடு இரண்டு வார இடைநீக்கமும் வந்தது. இவ்விடத்தில் சங்கத் தலைமையகத்திலிருந்து தொலைபேசியில் கிடைத்த அறிவுரை பெரிதும் உதவிற்று. ஆசிரியர்களின் வீட்டிலும் வேலைக்குப் போகும் பிள்ளைகள் உண்டாதலால் அதன் சாரத்தைச் சொல்வது பயனுடையது. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, ஒழுங்கீனம் என்று குற்றஞ்சாட்டினால் முறையான விசாரணைக்குப் பிறகே தண்டிக்க வேண்டும். விசாரணைக்காக இடைநீக்கம் செய்தால் அது இரண்டு வாரத்தை மிஞ்சலாகாது. அக்காலத்தில் அரைச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். குற்றமில்லை என்று தெரிந்தால் பிடித்த மறுபாதியையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். காரணமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்கீழ், 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிடலாம். அங்கே சமரசம் ஏற்படாவிட்டால் வழக்கு தொழில் நீதிமன்றத்துக்குப் போகும். ஆனால் தாமாக விலகல் கடிதம் கொடுத்தவர், 'என்னை வற்புறுத்தி எழுதி வாங்கினார்கள்' என்பதை முதலில் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். அது மலையேறும் வேலை. கையெழுத்துப் போட்டுவிட்டாயா என்று துணி அண்ணன் முதற்கேள்வியாகக் கேட்டதன் பொருள் அப்போதுதான் அப்பெண்ணுக்கு விளங்கியது.

விளக்கக் கடிதம் ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தில் முடிந்தது. தவறு நேர்ந்தது, ஒப்புக்கொள்கிறேன், உடனே தெரிவித்தேன், அன்று எத்தனை மணிநேரம் வேலை செய்தேன், எத்தனை பேர் இருந்தோம், எத்தனை முறை உதவி கேட்டேன் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். இவ்வளவே. கெஞ்சும் சொற்கள் இரண்டு இருந்தன. அவற்றைப் பிரதிநிதி அடித்துவிடச் சொன்னார்.

விசாரணை நாளும் வந்தது. உள்விசாரணையில் தொழிலாளியோடு சங்கப் பிரதிநிதி ஒருவர் அமரலாம் என்று கூட்டு ஒப்பந்தத்தில் இடமிருந்தது. முதல்நாள் இரவு துணி அண்ணன் அப்பிரிவின் அடியில் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாராம். மூவர் கொண்ட விசாரணைக் குழு, நீண்ட மேசை. துணி அண்ணன் இஸ்திரி போட்ட நீலச் சட்டையோடு வந்தார். கையில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பயன்படுத்தும் ஒரு பயிற்சிப் புத்தகமும் பேனாவும் இருந்தன. உட்கார்ந்தவுடன் எழுதத் தொடங்கினார். விசாரணை ஆங்கிலத்திலும் மலாயிலும் மாறிமாறி நடந்தது. அவர் எழுதியதோ தமிழில்.

குழுத்தலைவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, என்ன எழுதுகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். "இங்கே பேசுவதைத்தான்" என்றார் இவர். அப்பெண்ணுக்கு நாணம் பிடுங்கித் தின்றது.

கேள்வி கேட்கும் முறை வந்தபோது அவர் மலாயில் பேசினார், நல்ல மலாய். மொத்தம் ஐந்தாறு கேள்விகளே. இரவு மேற்பார்வையாளரிடம், அன்றிரவு இந்தத் தாதி உங்களை அழைத்தாரா என்றார். அழைத்தார். எத்தனை முறை? இருமுறை. என்ன கேட்டார்? ஆள் கேட்டார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? அந்த அம்மையார் சற்றுத் தயங்கினார். அவரும் ஆள் பற்றாக்குறையில் பந்தாடப்படுகிறவர்தாமே! "சமாளிக்கச் சொன்னேன், என்னிடமும் ஆள் இல்லை" என்று உண்மையைக் கூறினார். அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. எதிராளியை வதைக்காமல் விடுவதும் ஒரு திறமை. பிரம்பை எப்போது கீழே வைப்பது என்று அறிந்த ஆசிரியரின் திறமைக்கு ஒப்பானது.

அடுத்து வேலைநேரத்தைப் பற்றிய பேச்சு வந்தது. சுழல்முறை வேலை செய்வோரையும் ஒருநாளில் 12 மணிநேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்பது சட்டம். நள்ளிரவைத் தாண்டும் வேலையாயின் அந்த 24 மணிநேரம் தொடங்கும் வேளையிலிருந்தே கணக்கு. விபத்து, மக்களின் உயிர்வாழ்வுக்கு இன்றியமையாத பணி என்று சில விதிவிலக்குகள் உண்டு. நிர்வாகத்தார் அவ்விதிவிலக்கைப் பற்றிக்கொண்டார்கள். மருத்துவமனை அல்லவா? அன்று அவசரம், ஆள் இல்லை. இந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. நோயாளிகளை அநாதையாக விட்டுவிட்டுத் தாதி வீட்டுக்குப் போக முடியுமா?

பிரதிநிதி மறுப்புரை பேசவில்லை. தாதியர் எல்லாரும் தம் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளும் வேலை அட்டவணையை அச்செடுத்து மேசைமேல் வைத்தார். முந்திய இரண்டு மாத அட்டவணை அது. மாலை வேலையோடு இரவு வேலையும் சேர்த்துப் பார்த்தவர்களின் பெயர்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். பதினொரு வட்டங்கள் இருந்தன. "இரண்டு மாதத்தில் பதினொரு முறை வந்தால், ஐயா, அதற்கு அவசரம் என்று பெயரா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். துணி எண்ணிப் பழகியவருக்கு எண்ணிக்கை தவறுமா?

மாலையில் விசாரணைக் குறிப்பைத் தட்டச்சிட்டுக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டார்கள். தாதி பேனாவைத் திறந்தார். துணி அண்ணன் அவருடைய கையை மறித்து, பக்கம் பக்கமாகப் படிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்தில் எழுதியதைப் படிக்க அவருக்கு நேரம் பிடித்தது. குழுவினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். இரவு மேற்பார்வையாளர் கூறிய விடையில், 'தாதி அழைத்தார்' என்பது இருந்தது. 'இருமுறை ஆள் கேட்டார்', 'சமாளிக்கச் சொன்னேன்' என்பவை இல்லை. வேண்டுமென்றே விட்டார்களோ, சுருக்கி எழுதியதில் விடுபட்டதோ, தெரியாது. "இது சேராமல் நாங்கள் கையெழுத்திட மாட்டோம்" என்றார். அப்படியொன்றும் பேசவில்லையே என்று ஒருவர் கூறினார். பிரதிநிதி தம் பயிற்சிப் புத்தகத்தைப் பிரித்தார். தமிழில் எழுதியிருந்ததை, கேள்வியும் விடையும் அவை பேசப்பட்ட வரிசையும் பிசகாமல், மலாயில் மொழிபெயர்த்து உரக்கப் படித்தார். அறை அமைதியாயிற்று. குழுவிலிருந்த மருத்துவர் தம் தாளைப் புரட்டிப் பார்த்து, "சரிதான், நானும் அவ்வாறே குறித்திருக்கிறேன்" என்றார். குறிப்பு திருத்தப்பட்டது. அதன் பிறகே பேனா தாளைத் தொட்டது.

தோட்டத்துப் பள்ளியில் ஏட்டெழுத்துப் பாடத்துக்காக வரிவரியாய் எழுதவைத்த ஏதோ ஓர் ஆசிரியரின் உழைப்பு அன்று அந்த மேசையில் பயன்பட்டது. அந்த ஆசிரியர் அதை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

ஒன்பது நாள் கழித்து முடிவு வந்தது. வேலைநீக்கம் இல்லை. எழுத்துமூல எச்சரிக்கை, அது ஓராண்டு கோப்பில் இருக்கும். தவறு ஒருபகுதி மெய்ப்பிக்கப்பட்டதால், இடைநீக்கக் காலத்தில் பிடித்த அரைச் சம்பளம் திரும்பி வரவில்லை. தாதி அதைப் பெரிதாக எண்ணவில்லை. துணி அண்ணனுக்குத்தான் மனம் ஆறவில்லை. "ஏழு நாள் சம்பளம், சும்மாவா?" என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். தந்தையாரின் சேமநிதிக்கு ஆபத்து வரவில்லை. அவருக்கு இந்தச் செய்தியே எட்டாமல் பார்த்துக்கொண்டார்கள்.

வார்டிலும் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. காலையிலும் மாலையிலும் இன்சுலின் போடும் நேரத்தில் எந்த வார்டிலிருந்தும் இரண்டாவது தாதியை அகற்றக்கூடாது என்று சுற்றறிக்கை ஒன்று வந்தது. ஆள் பற்றாக்குறை தீர்ந்ததா என்றால், இல்லை. சிங்கப்பூருக்கும் அரபு நாடுகளுக்கும் தாதியர் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். தாதியரின் வேலை நிலைமைகளைப் பற்றி உலகத் தொழிலாளர் அமைப்பு 1977ஆம் ஆண்டிலேயே தனி உடன்படிக்கை ஒன்றை இயற்றியது. மருத்துவமனைத் தவறுகளுக்குப் பெரும்பாலும் தனியாளின் அலட்சியத்தைவிட வேலை அமைப்பின் கோளாறே காரணம் என்று 1999ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை விரிவாக எடுத்துக்காட்டியது. ஆயினும் 28 படுக்கைக்கு நடுவே விடியற்காலையில் தனியாக நிற்கும் பெண்ணிடம் அந்த ஏடுகள் எல்லாம் வந்து சேர நெடுங்காலம் ஆகிறது. மை சிந்தியதை ஒப்புக்கொண்ட மாணவனை அடித்துவிட்டால், அடுத்த முறை வகுப்பில் எவன் உண்மை பேசுவான்? அந்த நிர்வாகத்தார் தாதியை நீக்கியிருந்தால், அதன் பிறகு எத்தனை நிகழ்வு அறிக்கைகள் எழுதப்பட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

வேலைக்குத் திரும்பிய வாரத்தில் தாதி ஒரு டப்பா முறுக்கோடு துணியறைக்குப் போனார். அவர் அதை வாங்கித் துணியறைப் பெண்களுக்குப் பங்கிட்டுவிட்டார். விசாரணையன்று எழுதிய பயிற்சிப் புத்தகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார் தாதி. அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதில் அவருடைய வழக்கு மட்டும் இருக்கவில்லை. சமையலறைப் பெண்ணின் பேறுகால விடுப்பு, காவலாளி ஒருவரின் மிகுநேரச் சம்பளம், மலாய்த் தாதி ஒருவரின் இடமாற்றம், நேப்பாள நாட்டுத் துப்புரவாளரின் கடப்பிதழ் என்று ஒவ்வொன்றும் தேதியிட்டு எழுதப்பட்டிருந்தது. 'இன்சுலின்' என்னும் சொல்லை மட்டும் மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தார். தாதி சிரித்துக்கொண்டே பென்சிலால் திருத்தினார். அவரும் தடுக்கவில்லை.

"அடுத்த ஆண்டு எனக்கு அறுபது வயது முடிகிறது, தங்கச்சி. தாதியர் பக்கத்திலிருந்து ஒருவர் பிரதிநிதியாக வந்தால் நல்லது."

"எனக்குச் சட்டம் ஒன்றும் தெரியாதே, அண்ணே."

"எனக்கு மட்டும் தெரிந்தா வந்தேன்? ஒரு புத்தகமும் பேனாவும் வேண்டும். ஓய்வு நாள் போனால் போகட்டும் என்கிற மனம் வேண்டும். மிச்சத்தைத் தலைமையகம் சொல்லிக் கொடுக்கும்."

அவர் ஆம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மாலை ஊசிக்கு நேரமாகிவிட்டது என்று கூறி, இருபது விரிப்புகளை எண்ணி வாங்கிக்கொண்டு மேலே போனார். வார்டில் மருந்து வண்டியின் அருகே, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டாவது தாதி காத்திருந்தார்.